குளியலறைக்குப் போகாத பாட்டில்

மருத்துவமனையின் நான்காவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் சின்னவள் படுத்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் பெரியவள். தங்கை அன்று காலை விழுங்கிய கஞ்சி எத்தனை கரண்டி, அதில் எத்தனை கிராம் புரதம் என்று அவள் மனம் பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருஷமாக மனித ஊட்டச்சத்து ஆராய்ச்சியிலேயே ஊறியவள். நிறுத்து என்று யாராவது சொன்னால், மூச்சை நிறுத்தச் சொன்னது மாதிரிதான்.

செவிலி ஒரு பெரிய பழுப்பு நிறப் பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்தாள்.

"இன்னைக்குக் காலையில எட்டு மணியிலேர்ந்து நாளைக்கு எட்டு மணி வரைக்கும் சிறுநீர் மொத்தமும் இதுலதான் பிடிக்கணும்மா. ஒரு சொட்டுகூட வெளிய போகக் கூடாது. குளிக்கப் போனாலும் பாட்டில் கூடவே வரணும். எல்லாரும் அங்கதான் கோட்டை விடுவாங்க."

சின்னவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"அக்கா, உன் பாட்டில் என்னைத் தேடிக்கிட்டு இங்கயே வந்துடுச்சு பாரு."

பெரியவளும் சிரித்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய பாட்டில் அது. அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. ஒரு பழைய கட்டிடத்தின் தரைத்தளத்தில் பன்னிரண்டு பேரை அறுபது நாள் தங்கவைத்து, அளந்த உணவைக் கொடுத்து, வெளியே வருவதையெல்லாம் அளந்தார்கள். உள்ளே போகிற நைட்ரஜன் ஒரு தட்டு, வெளியே வருகிற நைட்ரஜன் மறு தட்டு. இரண்டும் சமமாக நிற்கிற இடத்தில்தான் ஒரு மனித உடம்புக்கு எவ்வளவு புரதம் போதும் என்பது தெரியும். விதிமுறைகளை அவளே பதினோரு பக்கத்தில் எழுதினாள். பிஸ்கட் துகள் மேஜையில் விழுந்தால் விரலால் ஒற்றி எடுத்துத் தின்ன வேண்டும். தட்டை ரப்பர் கரண்டியால் வழித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரையும் குடிக்க வேண்டும். மூன்றாம் நாளே ஒருவன் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு மூட்டையைக் கட்டிவிட்டான். அவன் இடத்துக்குத்தான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சின்னவள் வந்தாள். ஏழாம் நம்பர்.

"சிரிக்காதக்கா, நிஜமாத்தான் சொல்றேன். இந்தப் பொண்ணுக்குத் தோணினது உனக்குத் தோணலையே. பதினோரு பக்கம் எழுதினே. குளியலறைன்னு ஒரு வார்த்தை எழுதினியா?"

"குளியலறையில என்ன?"

"என்னன்னா? பாட்டில் எங்க இருந்துச்சு? கழிவறை அலமாரியில. குளியலறை எங்க? வராண்டாவோட அந்தக் கோடியில. பச்சத் தண்ணி தலையில விழுந்தா மனுஷனுக்கு என்ன வரும்? ஈரத்தோட துண்டைச் சுத்திக்கிட்டு இந்தக் கோடிக்கு ஓடி வரச் சொல்றியா?"

பெரியவளின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. எடுக்கத் தெரியாமல் அப்படியே வைத்திருந்தாள்.

"தினமுமா?"

"குளிக்கறது தினமும்தானே? தினமும் ரெண்டு வேளை."

"நீ மட்டுமா?"

"நான் மட்டும்னு யார் சொன்னா?" என்றாள் சின்னவள். அதற்குள் ரத்தம் எடுக்க ஆள் வந்துவிட்டான். ஊசி குத்தியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்படியே தூங்கிப் போனாள்.

பெரியவளின் மனம் பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தது.

படிக்காதவர்களுக்குக்கூட விளங்கிவிடும் கணக்கு அது. வெளியே போனதில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போயிருந்தால், பாட்டிலில் வந்தது குறைவு. குறைவாக வந்தால், மிச்சத்தை உடம்பு சேர்த்து வைத்துக்கொண்டது என்று காகிதம் சொல்லும். இவ்வளவு புரதமே போதும், தாராளமாகப் போதும் என்று சொல்லும். அவளுடைய ஆய்வு அதைத்தான் சொன்னது. அதுவரை எல்லோரும் எழுதி வைத்திருந்த அளவைவிடக் குறைவான ஓர் எண். அந்த எண்தான் அவளுக்கு வேலை வாங்கித் தந்தது, பேராசிரியை ஆக்கியது, கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார வைத்தது. இன்னும் ஆறு வாரத்தில் உணவு அளவுக் குழு கூடப்போகிறது. பிள்ளைகள் காப்பகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் புது அளவு. அவளுடைய எண்ணை வைத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் தினம் அரைக் கோப்பை பாலைக் குறைக்கப்போகிறார்கள்.

அதன்பின் ஒன்பது நாள் அவள் அந்தக் கட்டிலருகேதான் இருந்தாள். தலையணையைச் சரி செய்தாள், உதட்டில் ஈரப் பஞ்சை ஒற்றினாள், தங்கையின் மகள் வெளிநாட்டிலிருந்து பேசியபோது போனைக் காதருகே பிடித்தாள். யார் யார், எத்தனை பேர் என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. சாகக் கிடக்கிறவளிடம் போய் மூத்திரக் கணக்கா கேட்பது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, பதிலைக் கேட்க அவளுக்குப் பயமாயிருந்தது.

பத்தாம் நாள் விடிந்த கையோடு சின்னவள் போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்து வீடு வெறிச்சோடிய பிறகு, பெரியவள் அலுவலகத்துக்குப் போய் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பழைய பதிவேடுகளை எடுத்தாள். நீல அட்டை, பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் அறுபது நாள். கதவைத் தாழிட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த அறைக் கதவை அவள் உள்ளே தாழிட்டதே இல்லை. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அவள் மடியில் இப்போது பன்னிரண்டு பதிவேடு.

அவள் தேடியது கிரியாட்டினின் என்ற பத்தியை. தசையிலிருந்து வருகிற கழிவு அது; ஓர் ஆள் ஒரு நாளைக்கு வெளியேற்றுவது ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் இருக்கும். திடீரென்று ஒரு நாள் குறைந்தால், யாரோ சிந்திவிட்டார்கள் என்று பிடித்துவிடலாம். ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கவென்றே வைத்திருந்த காவல்காரன். ஏழாம் நம்பரின் பக்கங்களைப் புரட்டினாள். ஒரு நாளும் திடீரென்று குறையவில்லை. அறுபது நாளும் சீராக, அழகாக, குறைவாகவே இருந்தது. மூன்றாம் நம்பர், குறைவு. ஐந்தாம் நம்பர், குறைவு. தினமும் ஒரே இடத்தில் திருடுகிறவனைக் காவல்காரன் வீட்டு ஆள் என்று நினைத்துக்கொள்வான் அல்லவா, அப்படி.

இதை அன்றைக்கே அவள் பார்த்திருந்தாள். அதுதான் கொடுமை. ஆய்வுக் கட்டுரையின் நான்காவது பக்கத்தில் அவளே ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள்: 'பங்கேற்றோர் மெலிந்த உடல்வாகினர் என்பதால் கிரியாட்டினின் அளவு சற்றுக் குறைந்து காணப்படுகிறது.' மெலிந்த உடல்வாகா? யார் அளந்தது? ஒருவருடைய கையையும் அவள் சுற்றி அளக்கவில்லை. மூன்றாம் நம்பர் மல்யுத்தக்காரன் போல இருப்பான். அந்த வாக்கியம் அங்கே ஒரு ஓட்டையை அடைக்கத் தேவைப்பட்டது, எழுதினாள். படித்தவர்கள் தலையாட்டினார்கள். பிறகு அவளே அதை நம்பிவிட்டாள்.

அலமாரியை மூடும்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. ஒரு காப்பகத்தில் அவளுடைய அளவை இரண்டு வருஷமாகச் சோதனைக்குப் பின்பற்றுகிறார்கள். அங்கே இருக்கிற செவிலி போன வருஷம் ஒரு கடிதம் எழுதியிருந்தாள். பிள்ளைகளுக்கு முழங்கால் சிராய்ப்புகூட ஆற நாளாகிறது, உணவுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா என்று. 'துத்தநாகக் குறைபாடாக இருக்கலாம், பரிசோதிக்கவும்' என்று பெரியவள் இரண்டே வரியில் பதில் போட்டிருந்தாள்.

அன்று வீட்டில் அவளால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. அவள் கணவர் செயற்கைப் பல் செய்கிறவர். வாசலறையில் ஒரு பல் செட்டுக்கு மெருகு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"சரி, ஒரு ஆள் அப்படிப் பண்ணினா மொத்தக் கணக்கும் கெட்டுடுமா?"

"ஒரு ஆள்னா கெடாது. எல்லாரும்னா கெடும்."

"எல்லாருமான்னு யாருக்குத் தெரியும்?"

"அவங்களுக்குத்தான் தெரியும்."

"அப்ப கேளு."

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?"

அவர் பல் செட்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நான் ஒண்ணு சொல்றேன். கேக்கலேன்னா இந்த ஜென்மத்துல யாருக்கும் தெரியாது. உன் தங்கச்சியும் போயிட்டா. நீ வாயை மூடிட்டிருந்தா, அவ்வளவுதான்."

"வாயை மூடிக்கச் சொல்றீங்களா?"

"சொல்லல. வழி இருக்குன்னு சொல்றேன். உனக்கும் அது தெரியும். அதனாலதான் இப்படி நடுங்கறே."

அவர் சொன்னது சரி. வழி அடைபட்டிருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காது.

பன்னிரண்டு பேரில் ஐந்து பேரின் போன் எண்கள்தான் கிடைத்தன. ஒவ்வொரு எண்ணாக அழுத்துவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். முதலில் மூன்றாம் நம்பர். இப்போது வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறான்.

"யாரு? எந்த ஆராய்ச்சி? அட! தட்டு கழுவின தண்ணியக் குடிக்க வெச்ச அக்காவா! நல்லா இருக்கீங்களாக்கா? இன்னும் யாருக்காவது அதக் குடுத்துட்டிருக்கீங்களா?"

"இல்லப்பா. ஒரு சின்ன விஷயம் கேக்கணும்." போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "அப்ப குளிக்கப் போறப்போ... பாட்டில எடுத்துட்டுப் போவீங்களா?"

அந்தப் பக்கம் பின்னால் யாரோ "கிளச்ச மிதிங்க, கிளச்ச மிதிங்க" என்று கத்துவது கேட்டது.

"அக்கா, உண்மையச் சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"எங்க எடுத்துட்டுப் போறது? அந்த வராண்டாவுல பொம்பளப் பிள்ளைங்க உக்காந்து படிச்சிட்டிருப்பாங்க. பாட்டில் கையில, துண்டு இடுப்புலன்னு அவங்க முன்னாடி நடந்து போக முடியுமா? நாங்க எல்லாரும்தான்... என்னக்கா, இதுக்கா இத்தனை வருஷம் கழிச்சுப் போன் பண்ணீங்க? கேஸ் கீஸ் எதுவும் போட்டுட மாட்டீங்களே?"

"இல்லப்பா. எல்லாரும்னா?"

"எல்லாரும்தான். ஒருத்தன் மட்டும் ரொம்ப நல்லவன், பன்னெண்டாம் நம்பரு. அவன் குளிக்கவே மாட்டான்."

ஐந்தாம் நம்பர் முதலில் இல்லவே இல்லை என்றாள்; பத்து நிமிஷம் கழித்துத் தானே கூப்பிட்டு ஆமாம் என்றாள். எட்டாம் நம்பர் ஆமாம் என்றான். ஒன்பது, கேள்வியைக் கேட்டதும் துண்டித்துவிட்டான். பன்னிரண்டாம் நம்பரின் மனைவி, "அவருக்கு உடம்பு சரியில்ல, பேச மாட்டாரு" என்றாள்.

பெரியவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். வெளியே பகல் பன்னிரண்டு மணி வெயில். அவளுக்குக் குளிர் போல இருந்தது. போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

குழுக் கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது குழுத் தலைவரைக் கூப்பிட்டாள். அவளோடு சேர்ந்து படித்தவர். அந்தக் காலத்தில் எல்லோரும் அவரைக் கால்குலேட்டர் என்பார்கள். முழுக்கக் கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"தங்கச்சி போன துக்கத்துல இருக்கே. எனக்குப் புரியுது."

"துக்கம் வேற, இது வேற."

"அஞ்சு பேரைக் கேட்டே. மூணு பேர் ஆமான்னாங்க. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி குளிக்கிறப்ப என்ன பண்ணினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. இத ஒரு ஆதாரம்னு கொண்டு வருவியா? நேத்து என்ன சாப்பிட்டேன்னு கேட்டாலே பாதிப் பேர் பொய் சொல்லுவாங்கன்னு வகுப்புல பாடம் எடுக்கறவ நீ."

"பதிவேட்டுல இருக்கு. கிரியாட்டினின் ஏறக்குறைய எல்லாருக்கும் குறைவு. நான்தான் மூடி எழுதினேன்."

"தவளை தன் வாயால கெடும்பாங்க. உன் எண்ணை வெச்சு எத்தனை பிள்ளைங்க பட்டம் வாங்கியிருக்குன்னு தெரியுமா? அந்தத் தீசிஸ் எல்லாத்தையும் கொளுத்தச் சொல்றியா? ஒண்ணு பண்ணு. அளவு இப்ப நிறைவேறட்டும். நீ அடுத்த வருஷம் புதுசா ஒரு ஆய்வு செய். குளியலறையில பாட்டிலோட. எண் மாறினா நாமே திருத்திக்கலாம். யாருக்கும் அசிங்கம் இல்ல."

கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! மழைக்கு ஒதுங்கக் கிடைத்த கூரை போல இருந்தது. ஒரு வருஷம்தானே. போனைக் காதில் வைத்தபடியே அவள் அரைக் கோப்பையை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கினாள். அவள் மனம் பாட்டுக்குப் பெருக்கியது, அவள் கேட்கவில்லை. ஒரு பிள்ளைக்கு நூற்றெண்பத்திரண்டரைக் கோப்பை. எத்தனை பிள்ளைகள் என்று பெருக்க ஆரம்பித்தபோது "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

கூட்டத்தன்று காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பல் தேய்த்துவிட்டு, அலுவலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த நீல அட்டைப் பதிவேடுகளில் மூன்றைப் பையில் வைத்துக்கொண்டாள். கணவர் வாசல் வரை வந்தார்.

"கூட வரட்டா?"

"வேண்டாம். நீங்க வந்தா அழுதுடுவேன்."

நீளமான மேஜை, பதினான்கு நாற்காலி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். அவளுடைய எண் அச்சடித்த தாள் ஒவ்வொருவர் முன்னாலும் இருந்தது. தலைவர் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பேசாதே என்பதற்கும் வணக்கம் என்பதற்கும் நடுவில் இருந்தது அந்த அசைவு. மூன்றாவது பொருளாக அவளுடைய அளவு வந்தது. "யாருக்கும் ஆட்சேபம் இல்லேன்னா..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

பெரியவள் எழுந்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஆட்சேபம் இருக்கு" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். தன் எண்ணுக்கே ஆட்சேபம் சொல்கிறவளைப் பார்த்து வேடிக்கை என்று நினைத்திருப்பார்கள். அவள் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு ஓய்ந்தது. குளியலறை, வராண்டா, பாட்டில், பத்தி, நான்காவது பக்கத்து வாக்கியம். ஒழுங்காகச் சொல்லவில்லை, முன்னும் பின்னுமாகச் சொன்னாள். ஒரு இளம் விரிவுரையாளன் தலையைக் குனிந்துகொண்டான்; அவளிடம் பட்டம் வாங்கியவன், அவனுடைய ஆய்வு முழுக்க அந்த எண்ணின் மேல் நிற்கிறது. அவன் பக்கம் அவளால் திரும்ப முடியவில்லை.

"அப்போ தன்னார்வலர்கள் ஏமாத்திட்டாங்கன்னு சொல்றீங்க" என்றார் ஒருவர்.

"இல்ல. அவங்ககிட்ட நான் சொல்லாததை அவங்க செய்யல. அவ்வளவுதான்."

"இதுல உங்க சொந்தத் தங்கச்சியும் ஒருத்தங்க, இல்லையா?"

"ஆமா."

இதற்குத்தான் அவள் எல்லாவற்றையும்விட அதிகம் பயந்திருந்தாள். சின்னவளின் பேரை இந்த மேஜையின் மேல் தூக்கிப் போட்டு ஆளாளுக்குப் புரட்டிப் பார்ப்பார்கள் என்று. அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாள் என்பது அவளுக்குத் தெரியாது.

மேஜைக் கோடியில் மருத்துவமனைச் சமையற்கூடத்தின் தலைவி உட்கார்ந்திருந்தாள். பருத்த கை, அதில் பழைய சூட்டுத் தழும்புகள். இந்த மாதிரிக் கூட்டங்களில் வாயே திறக்காதவள்.

"எனக்கு இந்த நைட்ரஜன் எல்லாம் தெரியாதும்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நாளைக்குக் காலையில நான் எவ்வளவு பால் ஊத்தட்டும்?"

எல்லோரும் பெரியவளைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கேள்விக்குத் தசமப் புள்ளி வரைக்கும் பதில் வைத்திருந்தவள்.

"எனக்குத் தெரியாது" என்றாள். "தெரியற வரைக்கும் பழைய அளவே ஊத்துங்க. குறைக்காதீங்க. இப்பவே குறைச்சிட்டிருக்கற காப்பகத்துக்கும் இன்னைக்கே சொல்லுங்க. ஏத்தச் சொல்லுங்க."

"அது போதும்" என்று சமையற்காரி தன் முன்னாலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

அதன் பிறகும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். தலைவர் ஒத்திப்போடலாம் என்றார், இன்னொருவர் துணைக்குழு என்றார். கடைசியில் கையைத் தூக்கச் சொன்னபோது எட்டுக் கைகள் உயர்ந்தன. அளவு திரும்பப் பெறப்பட்டது. குறிப்பெடுக்கும் எழுத்தர் பேனாவோடு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"காரணம்னு ஒரு பத்தி இருக்கும்மா. என்ன எழுதட்டும்? 'தரவுகளில் ஐயம்'னு போட்டுடட்டுமா? கௌரவமா இருக்கும்."

தலைவர் "அதையே போடுங்க" என்றார். அது இரக்கத்தில் சொன்னதுதான், அவளுக்கும் தெரிந்தது.

"வேண்டாம்" என்றாள் பெரியவள். உதடு காய்ந்து பல்லில் ஒட்டியது. "எழுதிக்கோங்க. பங்கேற்றோர் குளிக்கும்போது கழித்த சிறுநீர் சேகரிக்கப்படவில்லை. அதற்கான ஏற்பாட்டை ஆய்வாளர் செய்யவில்லை. அளவு குறைந்திருப்பதைப் பதிவேட்டில் கண்டும், ஆய்வாளர் தவறான காரணம் எழுதினார்."

"ஆய்வாளர்னா..." எழுத்தர் தயங்கினார்.

அவள் தன் பெயரைச் சொன்னாள். எழுத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வேறு முதலெழுத்து போட்டுவிட்டார். அடித்துத் திருத்தி எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். எழவில்லை. பயம் இறங்கும், இறங்கியதும் லேசாகிவிடும் என்று யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்கள். அப்படி ஒன்றும் இறங்கவில்லை. நாளைக்கு அந்தக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு எழுத வேண்டும், அந்த இளம் விரிவுரையாளனோடு பேச வேண்டும், காப்பகத்துக்கு நேரில் போய் அந்தச் செவிலியின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் மலை மாதிரி நின்றது.

சமையற்காரி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் பக்கம் தள்ளினாள். "குடிங்கம்மா. மெதுவா."

தலைவர் தாளைப் புரட்டினார். நான்காவது பொருள் உப்பு. பெரியவள் இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.